மாதிரி விடையைக் காட்டலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒப்படைப்பு கொடுக்கும்போது மாணவர் முன்னால் ஒரு மாதிரியை வைக்கலாமா, வைத்தால் எப்படி வைப்பது என்று ஆசிரியர்களும் மாணவர்களும் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய கேள்விகள் என்பதால் இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுக்கிறேன். எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற அட்டவணையும் உண்டு. அப்படியும் நான் கேட்டது ஒன்று, அவர்கள் எழுதி வருவது ஒன்று. இன்னும் விளக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டுமா?
– அறிவியல் ஆசிரியை ஒருவர்

பதில்: வேண்டாம். இன்னும் இரண்டு பக்கம் சேர்த்தாலும் நிலைமை மாறாது. உங்கள் அட்டவணையில் 'தெளிவான முடிவுரை', 'ஆதாரத்துடன் கூடிய வாதம்', 'ஆழமான அலசல்' என்றெல்லாம் இருக்கும். எல்லாம் சரியான வார்த்தைகள்தான், ஆனால் அவற்றின் பொருள் உங்கள் தலைக்குள் அல்லவா இருக்கிறது? கட்டுக்கட்டாகத் திருத்தியவர் நீங்கள். ஆழமில்லாத விடை எப்படி இருக்கும், ஆழமானதுபோலத் தோன்றி ஏமாற்றும் விடை எப்படி இருக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது. மாணவர் பார்த்ததெல்லாம் தன் விடை, மிஞ்சிப்போனால் பக்கத்தில் உட்காருபவரின் விடை. அவரிடம் 'ஆழமாக எழுது' என்றால், பாவம், நீளமாக எழுதிக்கொண்டு வருவார்.

ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1989-ல் ஒரு கட்டுரையில் இதைத்தான் பேசினார். ஒரு மாணவர் முன்னேற வேண்டுமென்றால் எட்ட வேண்டிய தரம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தான் எழுதியதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும், அப்புறம் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறைக்க ஏதாவது செய்யவும் வேண்டும். நாம் பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றித்தான் அவர்களிடம் பேசுகிறோம், 'இதைத் திருத்து, அதைச் சேர்' என்று. முதலாவதை அட்டவணை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். தரத்தை விவரித்து எழுதினால் மட்டும் போதாது, விவரிப்போடு மாதிரிகளும் கூடவே இருக்க வேண்டும் என்பதையும் சாட்லர் அதற்கு முன்பிருந்தே சொல்லிவந்தார்.

சரி, நீங்கள் அறிவியல் ஆசிரியை. ஒரு சோதனைக் குறிப்பையே எடுத்துக்கொள்வோம். 'பச்சைப்பயறு முளைக்க ஒளி தேவையா?' என்று ஒரு சோதனை. முடிவுரை எழுத வேண்டும். முதல் மாதிரி இப்படி:

"இந்தச் சோதனை மிகவும் பயனுள்ளதாக இருந்தது. இதிலிருந்து தாவரங்களைப் பற்றிப் பல உண்மைகளை அறிந்துகொண்டோம். தாவரங்களின் வாழ்வில் ஒளி முக்கியப் பங்கு வகிக்கிறது என்பது இதனால் தெளிவாகிறது."

இரண்டாவது மாதிரி:

"வெளிச்சத்தில் வைத்த பத்து விதைகளில் எட்டும் இருட்டில் வைத்த பத்தில் ஒன்பதும் முளைத்தன. ஆகவே பச்சைப்பயறு முளைக்க ஒளி தேவையில்லை. ஆனால் இருட்டில் முளைத்தவை வெளிறிப்போய், தண்டு மெலிந்து நீண்டிருந்தன. முளைத்த பிறகு சரியாக வளர ஒளி வேண்டும் என்று இது காட்டுகிறது. பத்துப் பத்து விதைகள்தான் வைத்தோம் என்பதால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது."

இரண்டையும் பெயரோ மதிப்பெண்ணோ இல்லாமல் கொடுத்து எது மேல், ஏன் என்று கேளுங்கள். இரண்டாவதுதான் என்று வகுப்பே சொல்லிவிடும், அதில் கஷ்டமில்லை. 'ஏன்' என்பதில்தான் தடுமாறுவார்கள். 'அது பெரிதாக இருக்கிறது', 'அதில் எண்கள் இருக்கின்றன' என்பார்கள். அங்கேயே விட்டுவிட்டால் அடுத்த முறை எல்லா முடிவுரையிலும் சும்மாவேனும் இரண்டு எண்கள் வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: 'சோதனையே செய்யாத ஒருவர் எழுதிவிடக்கூடிய வாக்கியம் எது? கோடு போடுங்கள்.' முதல் மாதிரியின் மூன்று வாக்கியங்களுக்கும் அவர்களே கோடு போடுவார்கள். இரண்டாவதில் ஒன்றுக்கும் போட முடியாது. 'ஆதாரத்துடன் கூடிய முடிவு' என்று நீங்கள் அட்டவணையில் எழுதி வைத்திருந்தது என்னவென்று அந்த நிமிடத்தில் அவர்களுக்குப் புரிகிறது. இரண்டாவது மாதிரியின் கடைசி வாக்கியத்தையும் விட்டுவிடாதீர்கள். தன் சோதனை எவ்வளவு சிறியது என்று ஒத்துக்கொள்வது பலவீனம் என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு மதிப்பெண் உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

கவனியுங்கள், இங்கே ஒரு மாதிரி போதவில்லை, இரண்டு தேவைப்பட்டது. நல்லதை மட்டும் காட்டியிருந்தால் 'நன்றாக இருக்கிறது மிஸ்' என்று சொல்லிவிட்டு மூடி வைத்திருப்பார்கள். தனியாக ஒன்றைப் பார்த்து இதற்கு எவ்வளவு போடலாம் என்று சொல்வது அனுபவசாலிகளுக்கே சிரமம். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று சொல்வது யாருக்கும் எளிது. தர்ஸ்டன் என்ற உளவியலாளர் 1927-லேயே இப்படி இணை இணையாக ஒப்பிடுவதை அடிப்படையாக வைத்து ஓர் அளவீட்டு முறையை வகுத்தார்; கட்டுரைகளைத் தரம் பிரிக்க இன்றும் அந்த வழி பயன்படுகிறது. நல்லதை நல்லதாகக் காட்டுவது அதன் பக்கத்தில் இருக்கும் சுமாரானதுதான்.

கேள்வி: மாதிரி கொடுத்துப் பார்த்தேன். நாற்பது பேரும் அதையே திருப்பி எழுதிவிட்டார்கள். தொடக்க வாக்கியம்கூட மாறவில்லை. இதற்குக் கொடுக்காமலேயே இருக்கலாமே?
– கல்லூரி விரிவுரையாளர்

பதில்: உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் மாணவர்களைச் சோம்பேறிகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே ஒரு மாதிரியை நல்லது என்று ஆசிரியரே கையில் கொடுத்தால், இதுதான் வேண்டும்போல என்று எடுத்துக்கொள்வது நியாயமான முடிவுதான். தவிர, கண்ணால் பார்த்த மாதிரியிலிருந்து விலகுவது தேர்ந்தவர்களுக்கே எளிதில்லை. ஜான்சன், ஸ்மித் என்ற இருவர் 1991-ல் வெளியிட்ட ஆய்வில் வடிவமைப்புத் துறையைச் சேர்ந்தவர்களிடம் சில பொருட்களை வடிவமைக்கச் சொன்னார்கள். அதில் ஒன்று காபி சிந்தாத கோப்பை. உறிஞ்சுகுழல் வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தும், உறிஞ்சுகுழல் உள்ள ஒரு மாதிரிப் படத்தைப் பார்த்தவர்களின் வடிவங்களில் அந்தக் குழல் வந்து புகுந்துகொண்டது. வேண்டாம் என்று சொன்ன குறையே மாதிரியின் வழியாக இப்படித் தொற்றிக்கொள்கிறது என்றால், வேண்டும் என்று நீங்களே பாராட்டிக் கொடுத்த தொடக்க வாக்கியம் தொற்றாமல் இருக்குமா?

ஆகவே மாதிரியை நிறுத்த வேண்டாம், கொடுக்கும் விதத்தை மாற்றுங்கள். முதலில், அதே தலைப்பில் மாதிரி கொடுக்காதீர்கள். நீர் மாசு பற்றி எழுதச் சொல்லப்போகிறீர்கள் என்றால் சாலை விபத்துகள் பற்றிய கட்டுரையை மாதிரியாகக் கொடுங்கள். வாதம் எப்படி நகர்கிறது, எதிர்த்தரப்பு எங்கே வருகிறது, புள்ளிவிவரம் சொன்னதும் அடுத்த வாக்கியம் என்ன செய்கிறது என்பதையெல்லாம் அதில் பார்க்கலாம். எடுத்து ஒட்டுவதற்கு மட்டும் ஒன்றும் இருக்காது.

அடுத்தது, நல்ல மாதிரிகள் குறைந்தது இரண்டு இருக்கட்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவையாக இருக்கட்டும். ஒன்று ஒரு சம்பவத்தில் தொடங்கலாம், இன்னொன்று நேராகத் தன் வாதத்தையே முதல் வரியில் போட்டு உடைக்கலாம். இரண்டுக்கும் ஒரே உயர்ந்த மதிப்பெண் என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். 'அப்போ எப்படித்தான் தொடங்குவது?' என்று கேட்பார்கள். எப்படி வேண்டுமானாலும் தொடங்கலாம், ஆனால் முதல் பத்தி முடிவதற்குள் நீங்கள் எதை நிறுவப்போகிறீர்கள் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிட வேண்டும் என்று அப்போது சொல்லுங்கள். இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அதுதான் உங்கள் எதிர்பார்ப்பு, மற்றதெல்லாம் எழுதுபவரின் உரிமை. ஒரே மாதிரியைப் பார்க்கிறவருக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

இன்னொன்றும் செய்யலாம். மாதிரியைப் படிக்கும்போது ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி என்ன 'செய்கிறது' என்று குறிக்கச் சொல்லுங்கள்: 'ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறது', 'எதிர்ப்புக்குப் பதில் சொல்கிறது', இப்படி. படித்து முடித்ததும் மாதிரியைத் திருப்பி வாங்கிவிடுங்கள். ஓரக் குறிப்பு மட்டும் அவர்கள் கையில் இருக்கட்டும். எழுதும் நேரத்தில் மாதிரி கண் முன்னால் இருக்கத் தேவையே இல்லை.

கேள்வி: போன வருடம் முதல் மதிப்பெண் வாங்கியவரின் கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். உற்சாகப்படுவார்கள் என்று நினைத்தேன். கடைசி வரிசைப் பிள்ளைகள் முகம் தொங்கிவிட்டது. 'இதெல்லாம் எங்களால் ஆகாது சார்' என்கிறார்கள்.
– மொழி ஆசிரியர்

பதில்: மிகச் சிறந்ததைக் காட்டினால் ஊக்கம் வரும் என்று நாம் எல்லாருமே நம்புகிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை. டாட் ராஜர்ஸ், அவி ஃபெல்லர் என்ற ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு பெரிய இணைய வகுப்பின் தரவுகளை ஆராய்ந்தார்கள். அதில் மாணவர்கள் ஒருவர் கட்டுரையை ஒருவர் திருத்த வேண்டும், யாருக்கு யாருடைய கட்டுரை வரும் என்பது தற்செயல். மிகச் சிறந்த கட்டுரைகள் திருத்தக் கிடைத்தவர்கள்தான் வகுப்பைப் பாதியில் விட்டுப் போவது அதிகமாக இருந்தது. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், நாம்தான் தேறவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் கடைசி வரிசை சொன்னதும் அதேதான்.

அந்தக் கட்டுரை எப்படி உருவானது என்று அவர்களுக்குத் தெரியாது. முழுமையாகத் திருத்தி முடித்த ஒன்று திடீரென்று முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே முடிந்தால் வரைவுகளோடு சேர்த்துக் காட்டுங்கள். ரான் பெர்கர் என்ற அமெரிக்க ஆசிரியர் வகுப்பு வகுப்பாகக் காட்டி வரும் ஒரு பட வரிசை உண்டு. ஆஸ்டின் என்ற முதல் வகுப்புச் சிறுவன் புகைப்படத்தைப் பார்த்து வரைந்த வண்ணத்துப்பூச்சி. முதல் படம் எந்தக் குழந்தையும் வரைகிற வண்ணத்துப்பூச்சிதான், புகைப்படத்தில் இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூடப் படிக்கும் பிள்ளைகள் முதலில் இறக்கையின் வடிவத்தைப் பற்றி மட்டும் சொன்னார்கள், அவன் திருத்தினான். வடிவம் சரியான பிறகு உள்ளே இருக்கும் கோலத்தைப் பற்றிச் சொன்னார்கள், மறுபடியும் திருத்தினான். ஆறாவது படத்தில் வண்ணம் தீட்டி முடித்தபோது அது அறிவியல் புத்தகத்தில் அச்சிடக்கூடிய படம்போல இருந்தது. அந்த வரிசையைப் பார்க்கிற குழந்தை 'என்னால் ஆகாது' என்று சொல்வதற்குப் பதில் 'அடுத்து எதை மாற்றினான்?' என்று கேட்கிறது.

கட்டுரையிலும் இதைச் செய்ய முடியும். ஒரு மாணவரின் முதல் வரைவையும் இறுதி வடிவையும் அவர் அனுமதியோடு வைத்துக்கொண்டு, நடுவில் என்னென்ன மாறியது என்று தேடச் சொல்லுங்கள். அப்புறம், நடுத்தர மாதிரி ஒன்று கட்டாயம் வேண்டும். வகுப்பில் பெரும்பாலானவர்கள் நிற்பது அங்கேதான். தன்னைவிட ஒரு படி மேலே இருப்பதைப் பார்க்கும்போதுதான் அடுத்து எங்கே கால் வைப்பது என்று தெரியும். நடுத்தரத்தைக் கையில் கொடுத்து 'பத்தே நிமிடம் இருக்கிறது, இதில் எந்த இடத்தைத் தொட்டால் மதிப்பெண் கூடும்?' என்று கேளுங்கள். உங்கள் கடைசி வரிசையும் பேசும்.

கேள்வி: கட்டுரைக்குச் சரி. கணக்குக்கு மாதிரி என்றால் நாங்கள் தினமும் கரும்பலகையில் போடுவதுதானே?
– கணித ஆசிரியர்

பதில்: ஒரு வகையில் ஆமாம், அதற்கு நல்ல பலனும் உண்டு. ஜான் ஸ்வெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985-ல் இயற்கணிதத்தில் சோதித்துப் பார்த்தார்கள். புதிதாகக் கற்பவர்களில், செய்து காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள், எல்லாவற்றையும் தாங்களே போட்டுப் பார்த்தவர்களைவிட அதே வகைக் கணக்குகளை வேகமாகவும் தவறு குறைவாகவும் போட்டார்கள். ஆனால் பாடம் நன்றாகப் பிடிபட்ட பிறகும் முழுசாகச் செய்து காட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் பலன் போய்விடுகிறது, சில சமயம் இடைஞ்சலாகவே ஆகிவிடுகிறது. ஆகவே போகப்போகக் கடைசி வரியை அழித்துவிட்டுக் கொடுங்கள், அப்புறம் கடைசி இரண்டு வரிகளை, அப்படியே.

ஆனால் நீங்கள் கேட்கும் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. வழிமுறையைக் காட்டுவது வேறு, 'நிறுவுக' என்று கேட்டால் எவ்வளவு எழுதினால் போதும் என்று காட்டுவது வேறு. இரண்டு ஒற்றை எண்களின் கூட்டல் இரட்டை எண் என்று நிறுவச் சொல்கிறீர்கள். மூன்று மாதிரிகள் வைத்துக்கொள்வோம். முதலாமவர் 3 + 5 = 8, 7 + 9 = 16, 11 + 13 = 24, எனவே நிறுவப்பட்டது என்கிறார். இரண்டாமவர் ஒற்றை எண் என்றால் 2க + 1, எனவே (2க + 1) + (2க + 1) = 4க + 2 = 2(2க + 1), இரட்டை எண் என்கிறார். மூன்றாமவர் 2க + 1, 2ச + 1 என்று தனித்தனியாக எடுத்து, க, ச இரண்டும் முழு எண்கள் என்று சொல்லிவிட்டு, கூட்டி 2(க + ச + 1) என்று முடிக்கிறார்.

முதலாவது நிரூபணம் ஆகாது என்று நீங்கள் ஏற்கெனவே பல தடவை சொல்லியிருப்பீர்கள். இரண்டாவதுதான் சுவாரஸ்யம். பார்க்க அச்சு அசலாக நிரூபணம் மாதிரியே இருக்கிறது, எழுத்து இருக்கிறது, பொதுக்காரணி வெளியே எடுத்திருக்கிறது, வகுப்பில் பாதிப் பேர் அதற்கு முழு மதிப்பெண் போடுவார்கள். உடனே சொல்லிவிடாதீர்கள். '3-ஐயும் 5-ஐயும் இதில் போட்டுப் பாருங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே 'க' இருப்பதால் ஒரே எண்ணைத்தான் இரண்டு முறை போட முடியும் என்று யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். இனி வெவ்வேறு எண்களுக்கு வெவ்வேறு எழுத்து என்பதை அந்த வகுப்பு மறக்காது. கணக்கில் மாதிரி என்றால் சரியானதைக் காட்டுவதோடு நிற்காமல், சரியாகத் தோன்றும் தவறையும் பக்கத்தில் வையுங்கள். கரும்பலகையில் நாம் தினமும் செய்யாதது அதுதான்.

கேள்வி: இதற்கெல்லாம் நேரம் எங்கே? பாடத்தை முடிக்கவே வகுப்பு நேரம் போதவில்லை. மாதிரியையும் அதற்கான குறிப்பையும் சேர்த்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டால் வீட்டில் படித்துக்கொள்ள மாட்டார்களா?
– ஆசிரியர்

பதில்: பதிவிறக்கம் செய்துகொள்வார்கள். படிப்பார்கள் என்று நம்ப முடியாது, படித்தாலும் மேலே சொன்ன 'நன்றாக இருக்கிறது' என்ற அளவில்தான் நிற்கும். உங்கள் குறிப்போடு சேர்த்துக் கொடுத்தால் இன்னும் மோசம், குறிப்பை மட்டும் படித்துவிட்டு மாதிரியைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

1998-ல் டேனியல் ஷ்வார்ட்ஸ், ஜான் பிரான்ஸ்போர்ட் இருவரும் வெளியிட்ட ஓர் ஆய்வை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஒரு குழு ஒன்றோடொன்று வேறுபடும் உதாரணங்களைத் தானே அலசிவிட்டு, அப்புறம் விரிவுரை கேட்டது. இன்னொரு குழு அதே விஷயத்தைப் பாடமாகப் படித்துச் சுருக்கி எழுதிவிட்டு விரிவுரை கேட்டது. மூன்றாவது குழு உதாரணங்களை இரண்டு முறை அலசியது, ஆனால் விரிவுரை கிடையாது. பிறகு, கற்றதைப் புதிய சூழலில் பயன்படுத்தச் சொன்னபோது முதல் குழுதான் தெளிவாக முன்னால் நின்றது. நமக்கு இதில் இரண்டு சேதி. தானாகத் துழாவாத மாணவரிடம் ஆசிரியர் சொல்லும் விளக்கம் ஒட்டுவதில்லை. ஆசிரியர் கடைசிவரை எதுவுமே சொல்லாமல் விட்டாலும் துழாவியது வீணாகிறது. மாதிரியை அவர்கள் முதலில் அலசட்டும், நீங்கள் பிறகு பேசுங்கள். ஆனால் கட்டாயம் பேசுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சொன்னால், முழுக் கட்டுரை தேவையே இல்லை. ஒரு பத்தி போதும். இரண்டு பத்திகள், இருவர் இருவராகப் பேச ஐந்து நிமிடம், எது மேல் என்று கைதூக்கச் சொல்ல ஒரு நிமிடம், ஏன் என்று கேட்க ஐந்து நிமிடம், பிறகு நீங்கள் போட்ட மதிப்பெண்ணைச் சொல்லி உங்கள் காரணத்தை விளக்க ஐந்து நிமிடம். வகுப்பின் தீர்ப்பும் உங்கள் தீர்ப்பும் வேறுபட்டால் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் உங்கள் எதிர்பார்ப்பு அவர்களுக்குப் புரியாமல் இருந்தது துல்லியமாக அங்கேதான். கால் மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். இதே விளக்கத்தை நாற்பது நோட்டில் நாற்பது தடவை சிவப்பு மையில் எழுதும் நேரத்தோடு கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது காட்டுவது என்றால், அவர்களே ஒரு பத்தியாவது எழுதிப் பார்த்த பிறகு, ஆனால் சமர்ப்பிக்கும் முன்பு. எழுதிப் பார்த்தவருக்கு எங்கே முட்டியது என்று தெரியும், மாதிரியில் அந்த இடம் எப்படிக் கடக்கப்பட்டிருக்கிறது என்று அவரே தேடுவார். மதிப்பெண் போட்டுக் கொடுத்த பிறகு மாதிரி விடையை விநியோகிப்பதில் பெரிய பயனில்லை. அதில் போய்த் திருத்த அவருக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

கேள்வி: மாதிரிகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா?
– ஆசிரியை

பதில்: வாங்கலாம், ஆனால் அதை 'மிகச் சிறந்த மாதிரி' என்ற இடத்தில் வைக்காதீர்கள். பிழையில்லாமல், பத்தி பிரித்து, சமமாக எல்லாத் தரப்பையும் சொல்லி, எதையும் உறுதியாகச் சொல்லாமல் முடிந்திருக்கும். இல்லாத ஆதாரங்களை இருப்பதாகச் சொல்லியிருக்கவும் கூடும், ஒவ்வொன்றையும் நீங்கள் சரிபார்க்க வேண்டும். எனக்குத் தோன்றுவது, அதற்கு ஏற்ற இடம் நடுத்தர மாதிரிதான். நடை வழுக்கிக்கொண்டு போகும், உள்ளே விஷயம் குறைவாக இருக்கும் எழுத்தை அடையாளம் காண மாணவர்கள் இன்றைக்குக் கற்றே ஆக வேண்டும். பயறு முடிவுரைக்குக் கேட்ட அதே கேள்வியை இதற்கும் கேட்கச் சொல்லுங்கள். அது இயந்திரம் எழுதியது என்பதை வகுப்பில் மறைக்க வேண்டாம்.

கேள்வி: இந்த வருடம்தான் வேலையில் சேர்ந்தேன். கையில் பழைய விடைகள் எதுவும் இல்லை. இப்போதைய வகுப்பின் நோட்டுகளிலிருந்தே எடுத்துக் காட்டலாமா?
– புதிய ஆசிரியர்

பதில்: நல்ல விடை என்றால் எழுதியவரிடம் தனியாகக் கேட்டுவிட்டு, பெயரில்லாமல் காட்டலாம். பலவீனமான விடையை இப்போதைய வகுப்பிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள், பெயரை மறைத்தாலும் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். நாலைந்து பேரிடம் பொதுவாகக் கண்ட குறைகளை ஒன்றாகச் சேர்த்து நீங்களே புதிதாக ஒன்றை எழுதுங்கள். யாருடையதும் இல்லை என்பதால் பிள்ளைகளும் தயங்காமல் விமர்சிப்பார்கள். நல்ல மாதிரியையும் நீங்களே எழுதிப் பாருங்கள் என்பேன். நாம் கொடுக்கும் ஒப்படைப்பை நாமே உட்கார்ந்து எழுதினால் கேள்வியில் இருக்கும் குழப்பம், கொடுத்த நேரம் போதாமை எல்லாம் நமக்கே தெரிந்துவிடும், பலமுறை கேள்வியையே திருத்த வேண்டிவரும். இந்த வருடம் வரும் நல்லது, நடுத்தரம் என்று சிலவற்றை அனுமதி வாங்கி, தட்டச்சு செய்து, அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கி எடுத்து வைத்தால் அடுத்த வருடத்துக்கு ஆயிற்று.

கேள்வி: எங்கள் ஆசிரியர் மாதிரி எதுவும் தருவதில்லை. 'சொந்தமாக யோசி' என்கிறார். கேட்டால் காப்பி அடிக்கப் பார்க்கிறாய் என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– கல்லூரி மாணவி

பதில்: 'மாதிரி கொடுங்கள்' என்று கேட்காதீர்கள், அது அவர் காதில் 'விடையைக் கொடுங்கள்' என்று விழக்கூடும். ஒரே ஒரு பத்தியை இரண்டு விதமாக எழுதிக்கொண்டு போங்கள். 'சார், முதலில் இப்படி எழுதினேன், பிறகு இப்படி மாற்றினேன். நீங்கள் எதிர்பார்ப்பது இரண்டில் எதற்குப் பக்கத்தில் வருகிறது?' என்று கேளுங்கள். உழைத்துவிட்டு வந்து நிற்பவரை யாரும் காப்பி அடிப்பவர் என்று நினைக்க மாட்டார்கள். அவரும் நின்றபடியே இரண்டையும் பார்த்து, 'இது, ஏனென்றால்...' என்று தொடங்கிவிடுவார். அந்த 'ஏனென்றால்'-ஐ வரி பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையான எதிர்பார்ப்பு அதில்தான் இருக்கிறது. தோழிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொரு பத்தி எழுதி, பெயரில்லாமல் மாற்றி மாற்றிப் படித்து, எது மேல் என்று காரணத்தோடு வாதாடுங்கள். முதல் தடவை எல்லாரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். ஆளுக்கு ஒரு குறையாவது கண்டிப்பாகச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்.